கைரோபிராக்டிக் படிக்க நிலத்தை அடகு வைக்கலாமா?

கேள்வி: பி.பி.டி. (பிசியோதெரபி இளநிலைப் பட்டம்) இறுதியாண்டு படிக்கிறேன். முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அழுத்தித் திருப்பிச் செய்யும் கைரோபிராக்டிக் சிகிச்சை வீடியோக்களை யூடியூபில் பார்த்துப் பார்த்து அதில் ஆசை வந்துவிட்டது. அமெரிக்காவில் அந்தப் பட்டம் வாங்கி வந்து திருச்சியில் கிளினிக் வைக்க நினைக்கிறேன். அப்பா நிலத்தை அடகு வைக்கவும் தயார். போகலாமா?
– பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: அப்பாவை இப்போதைக்கு வங்கிப் பக்கம் போகவிடாதீர்கள்.

வீடியோவில் உங்களை ஈர்த்த அந்த 'டக்' சத்தம், எலும்பு இடம் மாறி உட்காரும் சத்தமல்ல. மூட்டுத் திரவத்தில் வாயுக் குமிழி உண்டாகும்போது வருவது. சலூனில் நெட்டி முறித்தாலும் வரும். யாருடைய கழுத்தைத் தொடக்கூடாது என்று தெரிந்துகொள்ளத்தான் வருடக்கணக்கில் படிக்கிறார்கள். கழுத்தைத் திருப்பும்போது ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வருவது அபூர்வம், ஆனால் வந்திருக்கிறது. இடுப்புவலிக்கு இந்தச் சிகிச்சையில் ஓரளவு பலன் உண்டு. ஆஸ்துமாவைக் குணப்படுத்தும் என்பதற்கெல்லாம் நம்பத்தக்க சான்று இல்லை.

அமெரிக்காவில் இது குறைந்தது 4,200 மணி நேரப் படிப்பு. உடற்கூறியல், எக்ஸ்ரே, நோயறிதல் எல்லாம் உண்டு. அப்புறம் நான்கு பகுதித் தேசியத் தேர்வு, அதற்கு மேல் அந்தந்த மாநில லைசென்ஸ். கட்டணம் மட்டுமே பல கல்லூரிகளில் ஒரு லட்சம் டாலரைத் தாண்டிவிடும். அங்குள்ள மாணவர்களுக்குக் கிடைக்கும் அரசுக் கடன் உங்களுக்குக் கிடைக்காது.

சரி, அதையும் சமாளித்துத் திருச்சிக்குத் திரும்புகிறீர்கள். இங்கே அந்தப் பட்டத்தைப் பதிவு செய்ய ஒரு கவுன்சிலே கிடையாது. கையில் ஏற்கெனவே இருக்கும் பி.பி.டி.யை வைத்துத்தான் கிளினிக் நடத்த வேண்டியிருக்கும். அதற்கு நிலம் எதற்கு?

அங்கேயே தங்கிவிடலாம் என்றால், படித்து முடித்ததும் மாணவர் விசாவில் வேலை பார்க்க 12 மாதம்தான் அனுமதி. அதற்குள் லைசென்ஸும், விசா ஸ்பான்சர் செய்யும் முதலாளியும் கிடைக்க வேண்டும். பெரும்பாலானவை சின்ன கிளினிக்குகள் என்பதால், அந்த ஸ்பான்சர்தான் சுலபத்தில் கிடைக்க மாட்டார்.

உங்கள் படிப்புக்கே அங்கே மதிப்பு அதிகம் என்பது உங்கள் வகுப்பில் எத்தனை பேருக்குத் தெரியுமோ! பிசியோதெரபிஸ்ட்களை அமெரிக்கத் தொழிலாளர் துறை 'ஷெட்யூல் ஏ' பட்டியலில் வைத்திருக்கிறது. க்ரீன் கார்டுக்கு எழுதும்போது, 'இந்த வேலைக்கு உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை' என்று முதலாளி நிரூபிக்க வேண்டியதில்லை. கைரோபிராக்டர்கள் அந்தப் பட்டியலில் இல்லை. பி.பி.டி.யை அங்கே மதிப்பீடு செய்து, குறையும் கிரெடிட்டுகளை முடித்து, பிசியோதெரபிஸ்ட் லைசென்ஸுக்கான என்.பி.டி.இ. தேர்வு எழுத வேண்டும். இந்தியர்களுக்கான க்ரீன் கார்டு வரிசை நீளம்தான், மறுக்கவில்லை.

கையால் செய்யும் சிகிச்சையில்தான் ஆசையென்றால், மெய்ட்லண்ட், முல்லிகன் முறைகளைப் பாடத்திலேயே பார்த்திருப்பீர்கள். எம்.பி.டி. ஆர்த்தோ (எலும்பு, மூட்டு பிசியோதெரபியில் முதுநிலைப் பட்டம்) எடுத்து அதில் கை தேர்ந்தவரிடம் கொஞ்ச காலம் இருங்கள். அதன் பிறகும் அமெரிக்காவில்தான் வாழப்போகிறேன், கைரோபிராக்டிக்தான் வேண்டும் என்று தோன்றினால் மறுபடி எழுதுங்கள், எந்தக் கல்லூரி என்று பார்ப்போம்.