பட்டாளத்து மாமனாரும் பறக்கும் தட்டும்

கேள்வி: என் மாமனார் 24 வருடம் ராணுவத்தில் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். ஊரில் நல்ல மதிப்பு. வீட்டிலோ குழம்பில் உப்புக் கூடினால் தட்டு பறக்கும். "நான் நாட்டைக் காத்தவன், நீ என்னத்தைக் கிழிச்ச?" என்று அத்தையை எல்லார் முன்னாலும் கேட்கிறார். "எல்லையில நின்னவரு, நாமதான் அனுசரிச்சுப் போகணும்" என்கிறார் என் கணவர். பட்டாளத்தில் இருந்தார் என்பதற்காகவே ஒருவரைக் கடைசிவரை மதித்தாக வேண்டுமா?
– ஒரு மருமகள், உசிலம்பட்டி அருகே

பதில்: அந்த 24 வருடத்துக்கு உரிய மரியாதையை நீங்களும் குறைக்காதீர்கள். பென்ஷனும் கேண்டீன் கார்டும் அதற்குத்தான். தட்டை வீசும் உரிமை அதில் சேரவில்லை.

ராணுவமே சர்வீஸை மட்டும் வைத்து ஆளை எடை போடுவதில்லை. ஓய்வு பெறும்போது அவருக்கு ராணுவம் கொடுத்த டிஸ்சார்ஜ் புக்கைப் புரட்டினால், நடத்தை எப்படி என்று தனியாக எழுதியிருக்கும். 'எக்ஸம்ப்ளரி', 'வெரி குட்', 'குட்' என்று அதற்குத் தரமும் உண்டு.

சரி, அத்தை என்னத்தைக் கிழித்தார்? ஜவானுக்கு வருடத்தில் 60 நாள் ஆனுவல் லீவு, 30 நாள் கேஷுவல் லீவு. அதுவும் முழுசாகக் கிடைத்தால். மீதி 9 மாதம் வீட்டை நடத்தியது யார்? ராத்திரியில் பிள்ளைக்குக் காய்ச்சல் கொதித்தால் தூக்கிக்கொண்டு ஓடியது, மழை பொய்த்த வருடம் நகையை அடகு வைத்து ஃபீஸ் கட்டியது, வரப்புத் தகராறில் பங்காளிகளிடம் ஒற்றை ஆளாக நின்றது? உங்கள் பக்கத்து ஊர்களில் பட்டாளத்தார் வீட்டுப் பெண்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். அவருக்கு எல்லையில் நிம்மதியாக நிற்க முடிந்ததே இந்த அம்மா இங்கே நின்றதால்தான்.

இதை நீங்கள் சொன்னால் மருமகள் வாய் என்று முடிந்துவிடும். உங்கள் கணவர் சொல்லட்டும். அந்த 9 மாதங்களில் வளர்ந்த பிள்ளை அவர்தானே. (உங்களை அனுசரிக்கச் சொல்வது அவருக்குச் சுலபம், அப்பாவிடம் பேசுவதுதான் கஷ்டம்.) விருந்தாளி முன்னால் வேண்டாம், தனியாகப் பேசட்டும்.

அப்புறம், மாமனாருக்கு ஒரு வேலை வேண்டும். அக்னிவீர் ஆள்சேர்ப்புக்கு 1.6 கிலோமீட்டர் ஓடிப் பழகும் பையன்கள் ஊரில் இருப்பார்கள். காலையில் அவர்களை அவரிடம் அனுப்புங்கள். அதட்டல் அங்கே செலவாகட்டும்.

கை நீட்டினால் மட்டும் இந்தப் பொறுமையெல்லாம் வேண்டாம். பெண்கள் உதவி எண் 181. அத்தையின் போனில் இன்றே பதிந்து கொடுங்கள்.