சட்டம் திருத்தும்போது நம் குரலும் போய்ச் சேர: பதிப்புரிமை கேள்வி பதில்

சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து வந்த மூன்று கேள்விகள் இந்த இதழில்.

கேள்வி: தோட்டத் தமிழ்ப்பள்ளியின் 1960களின் ஆண்டு மலர்கள் எங்களிடம் உள்ளன. தோட்டம் கைமாறிவிட்டது, ஆட்கள் சிதறிவிட்டார்கள். மலர்களைத் தொகுத்து நூலாகப் போடலாமா?

பதில்: ஒவ்வொரு படைப்பையும் தனித்தனியாகப் பாருங்கள். மலர் பள்ளி வெளியிட்டது, ஆகவே உள்ளே உள்ளதெல்லாம் பள்ளிக்கே சொந்தம் என்று பலர் நினைக்கிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. நம் மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி (சட்டம் 332), உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில் இருந்தால்தான் செல்லும். கவிதையைப் பிரியப்பட்டு இனாமாகக் கொடுத்தவரிடமே அதன் உரிமை இருக்கும்.

எழுத்துப் படைப்புக்கு ஆசிரியரின் வாழ்நாளும், அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 50 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. 1974இல் இறந்தவரின் கட்டுரை 2024 முடிவோடு பொதுவுடைமையாகிவிட்டது, அதாவது யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. யாரென்று தெரியாத புனைபெயரில் 1965இல் வெளியானது என்றால் வெளியான ஆண்டை வைத்துக் கணக்கிட வேண்டும். அது 2015 முடிவோடு தீர்ந்தது. இவ்விரண்டையும் தயங்காமல் சேருங்கள்.

மீதி இருப்பதுதான் தலைவலி: பெயர் இருக்கிறது, ஆள் எங்கே, உயிரோடு உண்டா என்பது தெரியாது. கனடாவில் 77ஆம் பிரிவின்படி பதிப்புரிமை வாரியத்திடம் இதற்கு உரிமம் கேட்கலாம். இந்தியச் சட்டத்திலும் 31அ பிரிவு உண்டு. நம் சட்டத்தில் அப்படியொரு வாசல் இல்லை. பிறமொழி நூலைத் தேசிய மொழிக்குப் பெயர்க்கப் பதிப்புரிமைத் தீர்ப்பாயத்திடம் உரிமம் கேட்க வழி வைத்த சட்டம், காணாமல் போன ஆசிரியரைப் பற்றிப் பேசவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு ஊர் ஊராகச் சிதறிய நம் சமூகத்துக்கு இது மற்றவர்களைவிட அதிகம் வலிக்கும் குறை.

இப்போதைக்கு, பழைய மாணவர் சங்கம், கோயில் நிர்வாகம், பத்திரிகை அறிவிப்பு என்று தேடுங்கள். யாரிடம், எந்தத் தேதியில் கேட்டீர்கள், என்ன பதில் வந்தது என்று குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். இது அனுமதிக்கு ஈடாகாது. ஆனால் பின்னால் வாரிசு வந்து நின்றால் உங்கள் நேர்மையைக் காட்டும். உரியவர் கிடைத்தால் ஒரு பக்கச் சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வாங்குங்கள். வாட்ஸ்அப் குரல் பதிவோடு நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: சட்டத்தைத் திருத்தும்போது பொதுமக்களிடம் கருத்துக் கேட்பார்களாமே. எங்களைப் போன்ற சிறு குழு எழுதினால் மதிப்பு உண்டா? எப்படி எழுதுவது?

பதில்: உண்டு, அவசியம் எழுதுங்கள். மேற்சொன்ன குறையைப் பெரிய பதிப்பகங்களோ இசை நிறுவனங்களோ நமக்காகச் சொல்லப் போவதில்லை.

பதிப்புரிமையைக் கவனிப்பது உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சும் அதன்கீழ் உள்ள மலேசிய அறிவுசார் சொத்துடைமைக் கழகமும் (மைஐபிஓ). அவற்றின் அறிவிப்புகளோடு, மலேசிய உற்பத்தித்திறன் கழகம் (எம்பிசி) நடத்தும் ஒருங்கிணைந்த பொதுக் கருத்துக்கேட்புத் தளத்தையும் பார்த்து வாருங்கள். கருத்துக்கேட்பு ஆவணம் வந்ததும் எல்லாக் கேள்விக்கும் பதில் எழுத உட்காராதீர்கள். உங்களைத் தொடும் இரண்டு மூன்றை எடுத்து, கேள்வி எண்ணைப் போட்டே எழுதுங்கள். எண் இல்லாத பதிலைத் தொகுப்பவர் எந்தத் தலைப்பில் சேர்ப்பார்?

முதல் பத்தியில் நீங்கள் யார், எத்தனை பேர் என்று சொல்லுங்கள். அடுத்து நடந்ததை எழுதுங்கள்: எத்தனை மலர், எத்தனை படைப்பு, எத்தனை ஆசிரியரைத் தேடி எத்தனை பேர் கிடைத்தார்கள். மேலே சொன்ன குறிப்பேடு இங்கே சான்றாகிவிடும். கடைசியில் மாற்றம் என்னவென்று சட்ட வாசகம் போலவே எழுதிப் பாருங்கள்: “முறையாகத் தேடியும் உரிமையாளர் கிடைக்காவிட்டால், கட்டணம் செலுத்தித் தீர்ப்பாயத்திடம் உரிமம் பெறலாம், உரிமையாளர் பின்னர் வந்தால் அந்தத் தொகை அவரைச் சேரும்.” “சட்டம் எளிமையாக வேண்டும்” என்று மட்டும் எழுதினால் வரைபவர் கையில் எதுவும் நிற்காது.

இரண்டு பக்கம் போதும். மலாயில் அல்லது ஆங்கிலத்தில் எழுதுங்கள்; தமிழில் உள்ள ஆண்டு மலரின் பக்கத்தை இணைத்தால் கீழே மொழிபெயர்ப்பும் வேண்டும். ஒரே கடிதத்தை ஐம்பது பேர் நகலெடுத்து அனுப்புவதைவிட, ஐந்து சங்கங்கள் தத்தம் அனுபவத்தை எழுதுவது வலுவானது. கருத்துகள் வெளியிடப்படலாம் என்பதால் அடையாள அட்டை எண், பிறர் முகவரி எதையும் உள்ளே வைக்காதீர்கள். கடைசி நாள்வரை காத்திருக்காமல் அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான பதிலைச் சேமியுங்கள்.

தவறவிட்டால் இன்னொரு கதவு உண்டு. மசோதா மக்களவையில் முதல் வாசிப்புக்கு வந்தபின், விவாதம் நடப்பது இரண்டாம் வாசிப்பில். அந்த இடைவெளியில் அதே இரண்டு பக்கத்தோடு தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்குப் போங்கள்.

கேள்வி: டியூஷன் பிள்ளைகளுக்குப் பயிற்சிநூலை முழுதாக நகலெடுத்துக் கொடுக்கிறேன். கல்விக்குத்தானே?

பதில்: கூடாது. கல்வி என்ற சொல் மட்டும் காப்பாற்றாது. நியாயமான பயன்பாடா என்பதற்குச் சட்டம் பார்ப்பவை: நோக்கம், படைப்பின் தன்மை, எடுத்த அளவு, அதன் சந்தைக்கு விளையும் பாதிப்பு. கட்டணம் வாங்கும் வகுப்பு, முழு நூல், அதே பிள்ளைகள்தாம் அதை வாங்க வேண்டியவர்கள் என்றால் எங்கே தப்புவது? கணக்குகளை நீங்களே அமையுங்கள், அல்லது பதிப்பகத்திடம் மொத்த விலைக்குக் கேளுங்கள்.