பதினாலு ராத்திரி

கேள்வி: 'ஃபோர்ட்நைட்' என்றால் இரண்டு வாரம் என்கிறது அகராதி. வாரத்துக்கும் 'நைட்'டுக்கும் என்ன சம்பந்தம்? என் மகனோ அது வீடியோ கேம் என்று சாதிக்கிறான். (ஒரு வாசகர், தென்காசி)

பதில்: பையனைத் திட்டாதீர்கள். 2017ல் வந்த அந்த கேமில் கோட்டை கட்டவேண்டும், அதனால் 'ஃபோர்ட்'டை வைத்து ஒரு சிலேடை. பழைய சொல்லில் கோட்டையும் கிடையாது கொத்தளமும் கிடையாது. ஃபோர்ட்டீன் நைட்ஸ், அதாவது பதினாலு ராத்திரி, வாயில் தேய்ந்து இப்படி ஆனது. ஏழு ராத்திரிக்கு 'செனைட்' என்று ஒரு தம்பி இருந்தான், காலமாகிவிட்டான்.

பகலை விட்டுவிட்டு ராத்திரியை ஏன் எண்ணினார்கள் என்றால், அந்தக் கால ஜெர்மானியர்களின் வழக்கமே அதுதான், ரோமானிய ஆசிரியர் டாசிட்டஸ் கி.பி. 98 வாக்கிலேயே இதை எழுதி வைத்திருக்கிறார், இங்கிலாந்தில் குடியேறியவர்கள் இவர்களுடைய சொந்தக்காரர்கள்தானே. பிரெஞ்சுக்காரர்கள் இரண்டு வாரத்தைப் 'பதினைந்து நாள்' என்பார்கள், இன்றைக்கும் சேர்த்து எண்ணுவதால்.

அமெரிக்கர்களுக்கு இந்தச் சொல் அவ்வளவாகப் பழக்கமில்லை. ஆனால் அங்கேதான் டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனியின் விஎம்எஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டம் ஓடிய கம்ப்யூட்டர்களில், தேதியும் மணியும் கேட்டுவிட்டு மெஷின் எவ்வளவு நேரம் காத்திருக்கவேண்டும் என்பதை 'மைக்ரோ ஃபோர்ட்நைட்' கணக்கில் கொடுக்கவேண்டும் என்று எந்த மகானுபாவனோ எழுதி வைத்தான். பதினாலு நாளில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, 1.2096 விநாடி. சும்மா விநாடி என்றே சொல்லியிருக்கலாம், சொன்னால் சிரிப்பது எப்படி?

சரி, என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். ஃபோர்ட்நைட்லி பத்திரிகை என்றால் வருடத்துக்கு 26 இதழ். மாதமிருமுறை என்றால் 24. இரண்டும் ஒன்று என்று நினைக்கும் பத்திரிகைக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள், அதில் ஒருவன் அடியேன். அட்டையில் மாதமிருமுறை என்றும் சந்தா ரசீதில் ஆங்கிலத்தில் ஃபோர்ட்நைட்லி என்றும் அச்சடித்துவிட்டேன். அன்றிலிருந்து ஒரு சந்தாதாரர் டிசம்பர் தவறாமல் கார்டு போடுகிறார், 'இரண்டு இதழ் பாக்கி' என்று. போன டிசம்பரில் வட்டியும் சேர்த்து மூன்றாகக் கேட்டிருக்கிறார்.