ரொக்கம்னா எவ்வளவு? – வாசகர் கேள்வி பதில்

ஓணத் தள்ளுபடி முடிந்து தீபாவளித் தள்ளுபடி தொடங்குகிற நேரம். குமரி மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களில் முக்கால்வாசி செலவைப் பற்றித்தான். ஆகவே இந்த மாதம் வேறு கேள்வி எடுக்கவில்லை.

கேள்வி: வட்டியே இல்லாத் தவணையில் ஃபிரிட்ஜ், மாதம் 2,000 வீதம் 12 மாதம் என்று விளம்பரம் பார்த்தேன். நிஜமாகவே வட்டி இல்லையா? – ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி, குலசேகரம்

பதில்: வட்டி இல்லாமல் கடன் கொடுப்பதாக எந்த நிதி நிறுவனமும் நேர்ச்சை போட்டிருக்கவில்லை. பூஜ்ய சதவீத வட்டி என்று ஒன்று கிடையாது, வட்டியைச் செயலாக்கக் கட்டணத்துக்குள் ஒளிக்காதீர்கள் என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளிடம் சொல்லிவிட்டது. இப்போது நடப்பது என்னவென்றால், வட்டிக்குச் சமமான தொகையைக் கடையோ கம்பெனியோ தள்ளுபடி என்ற பெயரில் ஏற்றுக்கொள்ளும், அல்லது ரொக்கத்துக்கு வாங்குகிறவருக்குக் கிடைக்கிற குறைப்பு உங்களுக்குக் கிடைக்காது. கிரெடிட் கார்டில் எடுத்தால் அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி வேறு.

அதனால் கடையில் முதலில் கேளுங்கள்: ரொக்கம்னா எவ்வளவு? 22,500 என்று சொன்னால், தவணையில் நீங்கள் கட்டும் 24,000-க்கும் அதற்கும் நடுவில் இருக்கும் 1,500 வட்டிதான். செயலாக்கக் கட்டணம் ஒரு 500 என்று வையுங்கள். மொத்தம் 2,000. கடன் மாதாமாதம் குறைந்துகொண்டே வருவதால், கணக்குப் போட்டால் ஆண்டுக்குச் சுமார் 16 சதவீதம் வருகிறது.

உங்கள் விஷயத்தில் இதைவிடப் பெரிய சங்கதி ஒன்று இருக்கிறது. மழை பிடித்தால் வெட்டு நிற்கும், தை மாசியில் இலை உதிர்ந்தால் வெட்டு நிற்கும், தவணை மட்டும் நிற்காது. கணக்கில் பணம் இல்லாத மாதத்தில் வங்கி ஒரு அபராதம் பிடிக்கும், கடன் தந்தவரும் தன் பங்குக்கு ஒன்று போடுவார். விளம்பரம் எழுதுகிறவருக்கு உங்கள் வருமானம் வருஷம் முழுக்க ஒரே மாதிரி வருகிறது என்று நினைப்பு. விலையை மாதக்கணக்கில் உடைத்துச் சொல்வதே, மாதம் 300 கூடப் போட்டால் இரட்டைக் கதவு கிடைக்குமே என்று உங்களை யோசிக்க வைக்கத்தான். 3,600 கூட என்று சொன்னால் எழுந்து வந்துவிடுவீர்கள். பழைய ஃபிரிட்ஜ் ஓடுகிறது என்றால் அடுத்த வெட்டுக்காலம் வரை சேர்த்து, ரொக்கத்தோடு போங்கள்.

கேள்வி: நாங்கள் கிறிஸ்தவர்கள். ஆனால் ஓணத்துக்கும் துணி எடுக்கிறோம், தீபாவளிக்கும் எடுக்கிறோம், கிறிஸ்துமஸுக்குக் கேட்கவே வேண்டாம். ஏன் இப்படி? – வாசகி, மார்த்தாண்டம்

பதில்: இரண்டு சந்தைக்கு நடுவில் வீடு கட்டியிருக்கிறீர்கள், அதுதான். மலையாளச் சேனலைப் போட்டால் திருவனந்தபுரத்துக் கடைகள் ஓணம் ஓணம் என்கின்றன, தமிழுக்கு மாற்றினால் தீபாவளி, டிசம்பரில் இரண்டு பக்கமும் சேர்ந்துகொள்கிறது. 1956 நவம்பர் 1-ல் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. விளம்பரம் இன்னும் கேரள எல்லையிலுள்ள களியக்காவிளையில் நிற்காமல் இரு பக்கமும் போய்வருகிறது. எந்தப் பண்டிகைக்கும் துணி எடுப்பதில் தப்பில்லை, நான் சாமியார் இல்லை. 'நாளையே கடைசி' என்பதை மட்டும் நம்பாதீர்கள். நாளை கடைசி என்ற கடையில் அடுத்த மாதம் வேறு பண்டிகையின் பெயரில் அதே பலகை தொங்கும். பிடித்த சேலையின் விலையைக் குறித்து வைத்து அடுத்த சீசனில் ஒப்பிட்டுப் பாருங்கள். '70% வரை' என்று இருந்தால் அந்த 70 எந்த மூலையில் எத்தனை துணிக்கு என்று விற்பனைப் பெண்ணிடமே கேட்கலாம். விளம்பரம் தமிழில், நிபந்தனை மட்டும் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் என்றால் அது விதிமீறல். வாக்குறுதி எந்த மொழியிலோ நிபந்தனையும் அதே மொழியில் இருக்க வேண்டும் என்று 2022-ல் வந்த மத்திய அரசின் விளம்பர வழிகாட்டுதல்கள் சொல்கின்றன.

கேள்வி: செயலியில் '5 நிமிடமே மீதி' என்று கடிகாரம் ஓடுகிறது. பதறிப்போய் வாங்கிவிடுகிறேன். – வாசகர், குளச்சல்

பதில்: ஓடட்டும். பொய்யாக அவசரப்படுத்துவது, கேட்காமலே கூடையில் காப்பீட்டையோ நன்கொடையையோ சேர்ப்பது உட்பட 13 வகைத் தந்திரங்களை 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடை செய்திருக்கிறது. திரையைப் படம் பிடித்துக்கொண்டு 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் புகார் சொல்லலாம். பொருளைக் கூடையில் போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள். காலையிலும் வேண்டும் என்று தோன்றினால் வாங்குங்கள்.

கேள்வி: மகள் கல்யாணத்துக்கு நகை எடுக்க வேண்டும். பெரிய நடிகர் 'சேதாரமே இல்லை' என்கிறார். அவருக்குப் பொறுப்பு உண்டா? – வாசகி, நாகர்கோவில்

பதில்: உண்டு. சொல்வது உண்மையா என்று விசாரிக்காமல் தவறான விளம்பரத்தில் வந்தால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முதல் தடவைக்கே அவருக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம், ஓராண்டு வரை விளம்பரங்களில் தோன்றத் தடையும் விதிக்கலாம். ஆனால் அதை நம்பிக் கடைக்குப் போக முடியாது. சேதாரத்தில் விட்டதைச் செய்கூலியிலோ கல்லின் எடையிலோ பிடித்துவிட்டால் உங்களுக்கு என்ன லாபம்? ஒரே நாளில் இரண்டு கடையில், ஒரே எடைக்கு, வரி உட்பட முழு பில் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். நகையில் 6 இலக்க ஹால்மார்க் அடையாளம் இருக்கிறதா பாருங்கள். 2023 ஏப்ரலிலிருந்து அது கட்டாயம். இந்த இதழின் பின்னட்டையில் நகைக்கடை விளம்பரம் இருந்தால் அதற்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், ஆசிரியர் கோபித்தாலும் சரி.

கேள்வி: வீட்டில் டிவி இல்லை, செல்போனிலும் விளம்பரத்தைத் தடுத்துவிட்டேன். செலவு குறையவே இல்லையே? – வாசகர், தக்கலை

பதில்: பால்காய்ச்சு வீடுகளுக்குப் போகிறீர்கள் அல்லவா? வளைகுடாவிலிருந்து வந்தவர் கட்டிய வீட்டின் சமையலறையைப் பார்த்துவிட்டு வந்த ராத்திரி, உங்கள் வீட்டில் என்ன பேச்சு ஓடுகிறது என்று கவனியுங்கள். கம்பெனி அந்த வீட்டில் ஒரு தடவை விற்றது, மிச்சம் பத்து வீட்டுக்கு அவர்களே பைசா வாங்காமல் விற்றுக்கொடுக்கிறார்கள். சொந்தக்காரர்களைத் தடுக்கச் செயலி எதுவும் கிடையாது. ஒன்று செய்யுங்கள்: கணக்குப் புத்தகத்தில் வாங்கிய ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில், இதை முதலில் யார் வீட்டில் பார்த்தோம் என்று எழுதுங்கள். ஒரு மாதக் கணக்கு சேர்ந்ததும் எனக்கு அனுப்புங்கள், பெயரை வெளியிட மாட்டேன்.