நாட்டார் கதையில் வரும் மர்ம உயிரினத்தை டேபிள்டாப் ரோல்பிளே ஆட்டத்துக்கு மான்ஸ்டராக மாற்றுவது எப்படி?

முதலில் என் தோல்வியைச் சொல்லிவிடுகிறேன். நான் செய்த முதல் மோத்மேனை, அதாவது அமெரிக்க நாட்டார் கதையில் வரும் இறக்கை வைத்த மர்ம உயிரினத்தை, என் டேபிளில் இருந்த நாலு பேரும் சேர்ந்து மூன்றாவது ரவுண்டிலேயே அடித்துச் சாய்த்துவிட்டார்கள். இரண்டு வாரம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து தயார் செய்தது அது. இறக்கை, நகம், சிவப்புக் கண், ஆர்மர் கிளாஸ் 16 (அடி படப் பகடையில் எட்ட வேண்டிய எண்), ஹிட் பாயிண்ட் 110 (எவ்வளவு அடி தாங்கும் என்ற கணக்கு) என்று எல்லாம் கொடுத்திருந்தேன். வில்லாளியாக ஆடியவள் முதல் அம்புக்கே இருபது போட்டாள். மிச்சத்தை மந்திரவாதி பார்த்துக்கொண்டான். அது செத்து விழுந்ததும் ஒருவன் கேட்டான்: "சரி, அது பாக்கெட்ல ஏதாவது இருக்கா?" மோத்மேனுக்கு ஏது பாக்கெட் என்று திருப்பிக் கேட்கக்கூட எனக்குத் தெம்பில்லை.

பழக்கமில்லாதவர்களுக்காகச் சுருக்கமாக: நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள். ஒருவர் டிஎம், அதாவது கதையை நடத்துகிறவர். நடக்குமா நடக்காதா என்ற சந்தேகம் வரும்போது இருபது முகப் பகடையை உருட்டுவார்கள். நாங்கள் ஆடுவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஐந்தாம் பதிப்பு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சென்னையில் ஒரு நண்பன் வீட்டு ஹாலில், அவன் அம்மா தூங்கி எழுவதற்குள்.

அந்தத் தோல்விக்குக் காரணம் ஹிட் பாயிண்ட் குறைவாக வைத்ததுதான் என்று ஒரு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் 1966-ல் அதைப் பார்த்ததாகச் சொன்னவர்கள் உண்மையில் என்ன சொன்னார்கள் என்று போய்ப் படித்தேன். இந்தக் கேள்விக்கு என் பதில் ஏறக்குறைய அவ்வளவுதான்: ரூல் புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால் சாட்சிகளைப் படியுங்கள்.

மோத்மேன் கதை அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில், ஓஹையோ ஆற்றங்கரையில் உள்ள பாயிண்ட் பிளசண்ட் என்ற சின்ன ஊரில் நடப்பது. ஊருக்கு வடக்கே இரண்டாம் உலகப்போர்க் காலத்து வெடிமருந்துத் தொழிற்சாலை ஒன்று கைவிடப்பட்டுக் கிடந்தது. டிஎன்டி ஏரியா என்பார்கள். வெடிமருந்தைச் சேமிக்கக் கட்டிய கான்கிரீட் அறைகள், மேலே மண்ணும் புல்லும் மூடி, கவிழ்த்த சட்டி மாதிரி வரிசையாக நிற்கும். 1966 நவம்பர் 15 இரவு அந்தப் பக்கம் காரில் போன இரண்டு இளம் ஜோடிகள் ஆள் உயரத்துக்கு மேலான ஏதோ ஒன்றைப் பார்த்தார்கள். முதுகில் மடக்கிய இறக்கை, வெளிச்சம் பட்டால் சைக்கிள் ரிஃப்ளெக்டர் போலச் சிவப்பாக மின்னும் கண்கள். பயந்து காரை விரட்டினார்கள். மணிக்கு 100 மைல் வேகத்தில் போனபோதும் அது இறக்கையை அடிக்காமலே கூட வந்தது என்றார்கள். ஊர் எல்லை வந்ததும் காணோம். அடுத்த நாள் உள்ளூர்ப் பத்திரிகையில் செய்தி வந்தது. பேட்மேன் டிவி தொடர் ஓடிக்கொண்டிருந்த வருஷம் என்பதால் மோத்மேன் என்ற பெயரும் சீக்கிரமே ஒட்டிக்கொண்டது.

அடுத்த பதின்மூன்று மாதம் ஊரெல்லாம் இதே பேச்சு. பல்கலைக்கழக உயிரியலாளர் ஒருவர், வழி தவறி வந்த பெரிய கொக்கு வகையாக இருக்கலாம் என்றார். பின்னால் ஆராய்ந்தவர்களில் சிலர் ஆந்தை என்றார்கள். 1967 டிசம்பர் 15 மாலை, கிறிஸ்துமஸ் நெரிசலில் வண்டிகள் நிறைந்திருந்தபோது, அந்த ஊரையும் ஓஹையோ கரையையும் இணைத்த சில்வர் பாலம் ஆற்றுக்குள் விழுந்தது. 46 பேர் இறந்தார்கள். அதற்கப்புறம்தான் மோத்மேன் ஒரு சகுனமாக மாறியது. எச்சரிக்க வந்ததா, அதுவே செய்ததா என்பதில் இன்னமும் இரண்டு கட்சி உண்டு.

இப்போது கவனியுங்கள். இவ்வளவு பெரிய கதையில் அது யாரையாவது அடித்ததா? நகத்தால் கீறியதா? துரத்தியது, பின்னால் வந்தது, நின்று பார்த்தது, அவ்வளவுதான். அந்த நகத்தை நான்தான் ஒட்டவைத்தேன். மான்ஸ்டர் என்றால் நகம் இருக்க வேண்டும் என்ற பழக்கதோஷம்.

நம் ஊரில் இதற்கு நேரான ஒன்று இருக்கிறது, சாக்குருவி. ஆந்தையில் ஒரு வகையைத்தான் அப்படிச் சொல்கிறோம். ராத்திரி கூரைமேல் உட்கார்ந்து அது கத்தினால் வீட்டில் சாவு விழும் என்பது நம்பிக்கை. என் பாட்டி கேட்டதும் எழுந்து உட்கார்ந்துகொள்வாள். தாத்தா டார்ச்சோடு போய்க் கல்லெடுத்து விரட்டுவார். அது பறந்துபோய்விடும். ஆனால் அதனால் என்ன பிரயோஜனம், அது கத்தியாகிவிட்டதே! சாக்குருவிக்கு ஹிட் பாயிண்ட் எவ்வளவு என்று யாரும் கேட்க மாட்டார்கள். மோத்மேனுக்கு மட்டும் நான் ஏன் 110 போட்டேன்?

ஆக, இரண்டாவது மோத்மேன்.

வேகத்தில் ஆரம்பித்தேன். மணிக்கு 100 மைல் என்றால் நொடிக்குச் சுமார் 147 அடி. ஆட்டத்தில் ஒரு ரவுண்ட் ஆறு நொடி, அப்படியானால் ஒரு ரவுண்டுக்கு 880 அடி. வயது வந்த சிவப்பு டிராகனே ஒரு முறைக்கு 80 அடிதான் பறக்கும். டிராகனைப் போலப் பதினொரு மடங்கு வேகம் என்று தாளில் எழுதினால் ஆட்டக்காரர்கள் சிரிப்பார்கள். அதனால் வேகம் என்ற கட்டத்தையே அடித்துவிட்டு ஒரு வரி எழுதினேன்: நீங்கள் எவ்வளவு வேகமாக ஓடினாலும் அது உங்கள் பின்னால் அதே தூரத்தில் இருக்கும்; ஊரின் முதல் விளக்கு வெளிச்சம் வரை வரும், அதைத் தாண்டாது. இரண்டுமே சாட்சிகள் சொன்னதிலிருந்து எடுத்தவை.

அடுத்தது கண். முகம் எப்படி இருந்தது என்றால் அந்த ஊர்க்காரர்கள் பலருக்குச் சொல்லத் தெரியவில்லை. தலையே இல்லாத மாதிரி, தோளிலேயே கண் இருந்த மாதிரி என்றெல்லாம் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு இது தங்கம். முதல் தடவை அதன் கண்ணைப் பார்க்கிறவர் விஸ்டம் சேவ் போட வேண்டும், அதாவது மனம் தாக்குப்பிடிக்கிறதா என்று பகடை உருட்ட வேண்டும், இலக்கு 13. தோற்றால் உறைந்து நிற்பதெல்லாம் கிடையாது. அதன் முகத்தைப் பற்றி அந்தப் பாத்திரம் இனி யாரிடமும் எதுவும் சொல்ல முடியாது, அவ்வளவுதான். டேபிளில் இது எப்படி வேலை செய்தது தெரியுமா? ஜெயித்த ஒருத்திக்கு மட்டும் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள். மற்ற மூன்று பேரும் ஆட்டம் முடியும்வரை அந்தச் சீட்டைக் கேட்டு நச்சரித்துக்கொண்டே இருந்தார்கள்.

மூன்றாவதுதான் முக்கியம், புளியங்கொட்டை. 1966 நவம்பர் 15-லிருந்து 1967 டிசம்பர் 15 வரை சரியாகப் பதின்மூன்று மாதம். அடுக்களையிலிருந்து பதின்மூன்று புளியங்கொட்டை எடுத்து என் முன்னால் வரிசையாக வைத்தேன், பக்கத்தில் ஒரு எவர்சில்வர் கிண்ணம். எதற்கென்று சொல்லவில்லை. அந்த உயிரினம் ஒவ்வொரு முறை கண்ணில் படும்போதும் ஒரு கொட்டையைக் கிண்ணத்தில் போடுவேன். டிங். யாராவது அதன்மேல் அம்பு விட்டால் பட்டதா இல்லையா என்று பகடையே உருட்ட வேண்டாம். அது பறந்துவிடும், நான் இரண்டு கொட்டை போடுவேன். நாலாவது டிங்கிலேயே வில்லாளி வில்லைக் கீழே வைத்துவிட்டாள். "மச்சான், அது நம்மள ஒண்ணும் பண்ணலையேடா. அப்ப இவன் எதை எண்றான்?" என்று ஒருவன் கேட்டான். எனக்கு வேண்டியது அந்தக் கேள்விதான்.

எண்ணியது ஒரு பாலம் விழ மிச்சமிருந்த நேரத்தை. அப்போது நாங்கள் ஆடிக்கொண்டிருந்த உலகத்தில் ஒரு சந்தை ஊரையும் ஆற்றையும் போட்டு, நடுவில் ஒரு சங்கிலிப் பாலம் கட்டினேன். இதற்குக் கற்பனை அதிகம் தேவைப்படவில்லை, ஏனென்றால் நிஜப் பாலம் விழுந்த விதமே அப்படி. 1928-ல் திறந்த சில்வர் பாலம் கம்பி வடத்தில் தொங்கியதல்ல. இரண்டு பக்கமும் ஓட்டை வைத்த நீளமான எஃகுப் பட்டைகளை முளை போட்டுக் கோத்த சங்கிலியில் தொங்கியது. ஒரு கண்ணிக்கு இரண்டே பட்டை. ஒன்று உடைந்தால் மற்றது முளையிலிருந்து நழுவிவிடும், அதோடு மொத்தமும் போய்விடும். விசாரணையில் தெரிந்தது, ஒரே ஒரு பட்டையின் ஓட்டைக்குள் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு விரிசல். இணைப்பைக் கழற்றினால் ஒழிய அது கண்ணில் படாத இடம். கட்டிய காலத்து கார்களைவிட 1967-ன் கார்களும் லாரிகளும் எவ்வளவோ கனம் வேறு. அமெரிக்காவில் பாலங்களை முறைப்படி சோதிக்க நாடு முழுவதற்கும் ஒரே விதி வந்தது இந்த விபத்துக்குப் பிறகுதான்.

கண்ணுக்குத் தெரியாத விரிசல் என்பதால் பெர்செப்ஷன் செக் (கண்ணில் படுகிறதா என்று உருட்டும் பகடை) போட்டுக் கண்டுபிடிக்கக்கூடாது என்று வைத்தேன். இருபதே விழுந்தாலும் தெரியாது. குள்ளர் இனத்துக் கொல்லனாக ஆடியவன், அவனாகவே, "நான் சுத்தியலால ஒவ்வொரு பட்டையா தட்டிக்கிட்டே போறேன்" என்றான். சந்தையில் பானை வாங்கும்போது சுண்டிப் பார்ப்போமே, அந்த வித்தை. நான் எவர்சில்வர் கிண்ணத்தை விரலால் தட்டிக்கொண்டே வந்தேன். டிங், டிங், டிங். ஒரு இடத்தில் மட்டும் கிண்ணத்தைக் கையால் பொத்திக்கொண்டு தட்டினேன். தொப். ஹாலில் ஒருத்தரும் பேசவில்லை. மிச்சம் மூன்று கொட்டை இருந்தது.

இங்கே இரண்டு எச்சரிக்கை. அந்த 46 பேரின் குடும்பங்கள் இன்றும் அந்தப் பக்கம் வாழ்கின்றன. அதனால் பாயிண்ட் பிளசண்ட் என்ற பெயரையோ அந்த மாலையையோ நான் ஆட்டத்துக்குள் கொண்டுவரவில்லை. கட்டமைப்பை எடுத்துக்கொண்டேன், சாவுகளை விட்டுவிட்டேன். ஊர்க்காரர்களே சிலை வைத்து வருஷா வருஷம் மோத்மேன் திருவிழா நடத்துகிறார்களே என்றால், அவர்கள் ஊர், அவர்கள் நடத்தலாம். இன்னொன்று, இந்தக் கதையோடு ஷானி பழங்குடித் தலைவர் கார்ன்ஸ்டாக்கின் சாபம் என்று ஒன்றையும் சேர்த்துச் சொல்வார்கள். அவர் 1777-ல் அங்கே இருந்த கோட்டையில் கொல்லப்பட்டது வரலாறு. சாபம் பின்னால் வந்த ஒட்டு. கொன்றவர்களை விட்டுவிட்டு, கொல்லப்பட்டவர் தலையில் பழியைப் போடும் கதை எனக்குப் பிடிக்கவில்லை, அதனால் எடுக்கவில்லை.

மூலத்தைப் படிக்காமல் மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு நமக்கு நன்றாகத் தெரிந்த உதாரணம் இந்த ஆட்டத்திலேயே இருக்கிறது, ராட்சசன். புலித்தலை, திருப்பி வைத்த உள்ளங்கை, பட்டு அங்கி, கையில் புகை பிடிக்கும் பைப். 1977-ல் வந்த மான்ஸ்டர் மேனுவல் என்ற இந்த ஆட்டத்தின் மான்ஸ்டர் புத்தகத்தின்படி ஆசீர்வதிக்கப்பட்ட குறுக்குவில் அம்பு பட்டால் உடனே சாவு. ராமாயணத்தில் எங்கே குறுக்குவில்? 1974-ல் ஒளிபரப்பான ஓர் அமெரிக்கத் திகில் தொடரின் ஒரு எபிசோடிலிருந்து வந்தது அது. கெட்ட மான்ஸ்டர் என்று சொல்ல மாட்டேன், நானே இரண்டு முறை பயன்படுத்தியிருக்கிறேன். ஆனால் கும்பகர்ணனையும் விபீஷணனையும் கேட்டு வளர்ந்தவனுக்கு அது ராட்சசன் இல்லை, மாறுவேடப் போட்டிக்கு வந்த யாரோ.

வேறு உயிரினத்துக்கும் இதே வழிதான், ஆனால் விடை வேறாக வரும். ஆடுகளின் ரத்தத்தை உறிஞ்சும் என்று சொல்லப்படும் சுபகாப்ராவை எடுங்கள், 1995-ல் போர்ட்டோ ரிகோவில் கிளம்பிய கதை. அதில் பெரும்பாலானவர்கள் பார்த்தது மிருகத்தை அல்ல, காலையில் பட்டியில் செத்துக் கிடந்த ஆடுகளைத்தான். அப்படியானால் சண்டைக் காட்சியைவிட விடிகாலைக் காட்சிக்கு அதிகம் உழையுங்கள். அதற்கு ஹிட் பாயிண்ட் கொடுக்கலாம், அடித்துக் கொல்லவும் விடலாம். கொன்ற பிறகு பார்த்தால் சொறி பிடித்த நாய் என்று இருக்கட்டும். டெக்சாஸில் சுபகாப்ரா என்று காட்டியவற்றில் பல, சொறி பிடித்து முடி உதிர்ந்த கயோட்டிகளாகத்தான், அதாவது ஓநாய் மாதிரியான அமெரிக்கக் காட்டு விலங்குகளாகத்தான் இருந்தன.

கடைசியில் என்ன ஆனது என்று கேட்பீர்கள். மூன்று கொட்டையில் ஒன்று, ஊர்த்தலைவரை நம்ப வைப்பதற்குள் போய்விட்டது. இன்னொன்று பாலத்தின் இரண்டு முனையையும் அடைக்கும்போது போனது. அப்போது அது பாலத்துத் தூணின் உச்சியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது, ஒருத்தரும் அதை அடிக்க நினைக்கவில்லை. கடைசிக் கொட்டையைக் கிண்ணத்தில் போட்டபோது பாலத்தில் ஒரே ஒரு மாட்டுவண்டி மட்டும் மிச்சம் இருந்தது. வண்டிக்காரனுக்கு நான் பெயர் வைத்திருக்கவில்லை. வில்லாளி கேட்டாள், "அவர் பேர் என்ன?" தாளைப் புரட்டுவது போல நடித்துக்கொண்டே ஒரு பெயரைச் சொன்னேன். அவள் அதைத் தன் கேரக்டர் ஷீட்டின் ஓரத்தில் எழுதிக்கொண்டாள்.