ஜி6க்கு ஏறி வரும் ராஜா

வணக்கம். சதுரங்கத்தில் வெள்ளைக் காய்களில் ஆடினேன். எதிராளி காஸ்லிங் செய்ததும் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றியதும்) டி3 (எழுத்து நெடுவரிசை, எண் குறுக்குவரிசை) பிஷப்பால் எச்7 சிப்பாயை வெட்டினேன். ராஜா பிஷப்பை வெட்டியது. குதிரையால் ஜி5இல் செக் வைத்தேன். ராஜா ஜி6க்கு ஏறிவிட்டது, அதன்பின் வழி தெரியாமல் தோற்றேன். என் ராணி டி1, பிஷப் சி1, சிப்பாய்கள் டி4, இ5. கறுப்பு ராணி டி8, யானை எஃப்8, குதிரை டி7, பிஷப்புகள் பி4, சி8, சிப்பாய்கள் டி5, இ6. பலி கொடுத்ததே தவறா?

அன்புள்ள நண்பருக்கு,

பலி சரிதான். கறுப்புக் குதிரை எஃப்6இல் இல்லை. இ5 சிப்பாய் இருக்கும்வரை அங்கே நிம்மதியாக வரவும் முடியாது. சி8 பிஷப்பை இ6 சிப்பாய் அடைத்திருக்கிறது. ஜி5 குதிரைக்கு சி1 பிஷப் காவல். கறுப்பு ராணி அதை வெட்டினால் ராணி போகும். ராஜா எச்6க்குப் போயிருந்தால், குதிரை இ6ஐ வெட்டும்போதே பிஷப்பின் செக் திறந்து, அடுத்து டி8 ராணி விழும்.

ஜி6தான் கடினமான பதில். பிஷப்பைக் கொடுக்குமுன் முதலில் கணக்கிட வேண்டியதும் அதுவே. ராணியை எச்5இல் வைத்தால் ராஜாவே வெட்டிவிடும். ஜி4இல் வையுங்கள். செக் இல்லைதான், ஆனால் குதிரை எங்கே நகர்ந்தாலும் ராணியின் செக் திறக்கும். கறுப்பு எஃப்5 தள்ளுவார். அதை என்பாசானில் (இரண்டு கட்டம் தாண்டிய சிப்பாயை, ஒரு கட்டமே நகர்ந்ததுபோலப் பக்கத்துச் சிப்பாய் வெட்டுவது) வெட்டாதீர்கள். டி7 குதிரை எஃப்6இல் திருப்பி வெட்டி, உங்கள் ராணியையும் தாக்கும். ராணி ஜி3க்குப் பின்வாங்கட்டும். குதிரை இ6ஐ வெட்டும் மிரட்டல் அப்படியே நிற்கிறது. கறுப்பு ராணி இ7க்கு ஒதுங்கினாலும் எஃப்8 யானை தாக்கப்படும்.

ராஜா ஜி8க்குத் திரும்பினால் ராணி எச்5. யானை இ8க்குப் போய் எஃப்8ஐக் காலி செய்யும். இங்கே பலர் அவசரப்பட்டு எச்7இல் செக் வைக்கிறார்கள். ராஜா எஃப்8, எச்8இல் செக், ராஜா இ7. இப்போது ஜி7ஐ வெட்டினால் செக்கே ஆகாது, எஃப்7 சிப்பாய் நடுவில் நிற்கிறது. ஆகவே எச்7க்குப் போகுமுன் ராணியால் எஃப்7ஐ வெட்டிச் செக். ராஜா எச்8, மறுபடி எச்5இல் செக், ராஜா ஜி8, பிறகு எச்7, எச்8 செக்குகள். ராஜா இ7க்கு வந்ததும் ஜி7ஐ வெட்டினால் மேட்.

கறுப்பு பிஷப் இ7இல் இருந்தால் மட்டும் நிலைமை வேறு. ஜி5 குதிரையை அது வெட்டும். 17ஆம் நூற்றாண்டு இத்தாலியரான ஜோவாக்கினோ கிரேக்கோ விட்டுச்சென்ற ஆட்டம் ஒன்றில் இதற்கு விடை உண்டு: சிப்பாய் முன்கூட்டியே எச்4இல், யானை எச்1இல். பிஷப் குதிரையை வெட்ட, சிப்பாய் திருப்பி வெட்ட, எச் வரிசை திறந்து யானையே செக் கொடுக்கிறது. நீங்கள் ராஜா பக்கம் காஸ்லிங் செய்து அந்த யானை எஃப்1க்குப் போயிருந்தால் இது நடக்காது. அப்போது பிஷப்பைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.