பிங் போகிறது, டேட்டாஸ்டோர் மட்டும் தொங்குகிறது: ஈஎஸ்எக்ஸ்ஐ ஹோஸ்ட்டில் எங்கே பார்ப்பது?

உங்கள் கேள்வி இதுதானே: மூன்று ஈஎஸ்எக்ஸ்ஐ ஹோஸ்ட் (விஎம் எனும் மெய்நிகர் கணினிகளை ஓட்டும் விஎம்வேர் சர்வர்), ஒரு ஐஸ்கஸி ஸ்டோரேஜ் (நெட்வொர்க் வழியே டிஸ்க் தருவது), நடுவில் சுவிட்ச்சை மாற்றினீர்கள், அதிலிருந்து டேட்டாஸ்டோர் (விஎம் ஃபைல்கள் இருக்கும் இடம்) பட்டியலில் தெரிகிறது, ஸ்டோரேஜுக்குப் பிங்கும் போகிறது, ஆனால் விஎம்மை ஆன் செய்தாலோ பெரிய ஃபைலை காப்பி செய்தாலோ அப்படியே நின்றுவிடுகிறது. ஸ்டோரேஜ் பழுதா என்று கேட்கிறீர்கள்.

ஸ்டோரேஜைத் தொடாதீர்கள். நீங்கள் சொல்கிற அறிகுறி எல்லாம் எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) கோளாறைத்தான் காட்டுகிறது. சாதாரண பிங் நூறு பைட்டுக்கும் குறைவு, ஐஸ்கஸி லாகினில் போய்வருவதும் சின்னச் சின்ன பாக்கெட்தான், அதனால் இரண்டும் தடையில்லாமல் போய்விடும். நிஜமான டேட்டா 9000 பைட் ஃபிரேமாகக் கிளம்பும்போதுதான் வழியில் காணாமல் போகிறது.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ஒரு முனையில் மட்டும் எம்டியு வழக்கமான 1500 என்று இருந்தால் பெரும்பாலும் எதுவும் நிற்காது, ஏனென்றால் டிசிபி இணைப்பு தொடங்கும்போதே இரண்டு பக்கமும் தங்கள் எம்எஸ்எஸ் (ஒரு பாக்கெட்டில் வாங்கக்கூடிய டேட்டா) அளவைச் சொல்லிவிடும், சின்னதுக்குப் பெரியது இறங்கிவந்துவிடும். இரண்டு முனையிலும் 9000 வைத்து நடுவில் இருக்கிற சுவிட்ச் மட்டும் 1500-இல் நின்றால்தான் வம்பு. லேயர் 2 சுவிட்ச் பெரிய ஃபிரேமை ஓசைப்படாமல் தூக்கிப் போட்டுவிடும், அனுப்பியவனுக்கு ஒரு வார்த்தை சொல்லாது. ஹோஸ்ட் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருக்கும். எல்லா பாதையும் போய்விட்டது என்று முடிவு செய்தால் ஏபிடி (எல்லா பாதையும் அற்ற நிலை) டைமர் ஓட ஆரம்பிக்கும், அது இயல்பாக 140 விநாடி. அந்த நேரத்தில் விசென்டரில் (ஹோஸ்ட்களை நிர்வகிக்கும் மென்பொருள்) ஹோஸ்ட்டே பதில் தராதது போலத் தெரியலாம், பயந்து ரீபூட் செய்யாதீர்கள்.

சரி, உறுதி செய்வது எப்படி? ஹோஸ்ட்டில் எஸ்எஸ்ஹெச் போட்டு உள்ளே போய் ஸ்டோரேஜ் ஐபிக்கு விஎம்கேபிங் (ஹோஸ்ட்டின் சொந்த பிங் கட்டளை) கொடுங்கள், மூன்று ஃபிளாகோடு: ஐ (பெரிய எழுத்து I) போட்டு ஸ்டோரேஜுக்கான விஎம்கே (ஹோஸ்ட்டின் சொந்த நெட்வொர்க் போர்ட்) பெயர், டி (d, துண்டாக்காதே என்பது), எஸ் (s, அளவு) போட்டு 8972. 9000 என்று கொடுக்கக் கூடாது, ஐபி ஹெட்டர் 20 பைட், ஐசிஎம்பி ஹெட்டர் 8 பைட் போக மீதிதான் 8972. டி ஃபிளாகை விட்டுவிட்டால் பாக்கெட் துண்டாகிப் போய்ச் சேர்ந்துவிடும், நீங்களும் ஜம்போ (1500-க்கு மேற்பட்ட பெரிய ஃபிரேம்) வேலை செய்கிறது என்று நம்பிவிடுவீர்கள். 8972 போகவில்லை, 1472 போகிறது என்றால் விஷயம் முடிந்தது. 'மெசேஜ் டூ லாங்' என்று உடனே வந்தால் தடை உங்கள் விஎம்கே போர்ட்டிலேயே இருக்கிறது. பதிலே இல்லாமல் நேரம் போனால் விஸ்விட்ச் (ஹோஸ்ட்டுக்குள் இருக்கும் மென்பொருள் சுவிட்ச்), சுவிட்ச், ஸ்டோரேஜ் போர்ட் என்று அதைத் தாண்டித் தேடுங்கள். ஒவ்வொரு விஎம்கேயிலிருந்தும் ஒவ்வொரு ஸ்டோரேஜ் ஐபிக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள், ஒரு பாதை சரியாக இருப்பதால் இன்னொன்றும் சரி என்று ஆகாது.

சுவிட்ச்சில் எந்த எண் வைப்பது என்பது எப்போதும் குழப்பம்தான். ஜம்போ அளவை ஐஇஇஇ தரப்படுத்தவே இல்லை, ஆளுக்கொரு கணக்கு: சிலர் ஈதர்நெட் ஹெட்டரையும் சேர்த்துச் சொல்வார்கள், சிலர் சேர்க்க மாட்டார்கள், விண்டோஸ் டிரைவரில் 9014 என்று பார்ப்பது அதனால்தான். சுவிட்ச்சில் அது அனுமதிக்கிற அதிகபட்சத்தை, பெரும்பாலும் 9216, வைத்துவிடுங்கள். முனைகளில் 9000 போதும். சிஸ்கோ கேட்டலிஸ்ட் 3750 மாதிரி பழைய பெட்டியில் மாற்றினால் ரீலோட் செய்த பிறகுதான் அமலுக்கு வரும், அதையும் பாருங்கள்.

எம்டியு சரியாக இருந்தும் தொங்கினால் இன்னும் இரண்டு இடம். ஒன்று, மேனேஜ்மென்ட் விஎம்கே0-வும் ஸ்டோரேஜ் விஎம்கேயும் ஒரே சப்நெட்டில் இருக்கிறதா? இருந்தால், போர்ட் பைண்டிங் (ஐஸ்கஸியைக் குறிப்பிட்ட விஎம்கேயோடு கட்டுவது) செய்யாதபோது ஸ்டோரேஜ் டிராஃபிக் விஎம்கே0 வழியாகவே கிளம்பலாம், நீங்கள் 9000 வைத்த போர்ட் சும்மா உட்கார்ந்திருக்கும். தனி சப்நெட், தனி விலேன் (சுவிட்ச்சில் பிரித்துவைத்த நெட்வொர்க்), அதுதான் நிம்மதி. இரண்டு, போர்ட் பைண்டிங் செய்திருந்தால் ஒவ்வொரு விஎம்கேக்கும் ஒரே ஒரு அப்லிங்க்தான் (ஹோஸ்ட்டின் நெட்வொர்க் கார்டு) ஆக்டிவ், மற்றது ஸ்டாண்ட்பையில்கூட இருக்கக் கூடாது, அன்யூஸ்டில் தள்ள வேண்டும். இதோடு எல்ஏசிபி (பல லிங்க்கை ஒன்றாகக் கட்டுவது) கலக்க வேண்டாம், பல பாதை வேலையை மல்டிபாத்திங் பார்த்துக்கொள்ளும்.

திருத்தும்போது முதலில் சுவிட்ச், அடுத்து ஸ்டோரேஜ், அப்புறம் விஸ்விட்ச், கடைசியில் விஎம்கே. பெரிதாக்கும்போது நடுவிலிருந்து முனைக்கு வர வேண்டும், தலைகீழாகப் போனால் இப்போது இருக்கிற நிலைமையை நீங்களே மறுபடி உண்டாக்குவீர்கள். ஹோஸ்ட்டை மெயின்டனன்ஸ் மோடில் (விஎம்களை வேறு ஹோஸ்ட்டுக்கு நகர்த்திவிட்டு) போட்டுவிட்டு ஒவ்வொன்றாக மாற்றுங்கள். விஎம்மை நகர்த்த முடியாத அளவுக்கு இப்போதே தொங்கினால் குறுக்கு வழி ஒன்று இருக்கிறது: நடு சுவிட்ச்சில் மட்டும் எம்டியுவை ஏற்றுங்கள், ரீலோட் கேட்காத சுவிட்ச் என்றால் ஹோஸ்ட் பக்கம் எதையும் தொடாமலே ஐஓ மூச்சுவிட ஆரம்பிக்கும்.

உங்களுடையது 1 கிகாபிட் லிங்க் என்றால் ஜம்போவே வேண்டாம் என்பேன். கிடைக்கிற லாபம் கொஞ்சம், இந்தத் தலைவலி பெரிது. எல்லா இடத்திலும் 1500 வைத்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.